செடி செழிப்பு, காய் பொக்கு: செம்மண்ணில் அடுத்த கடலைக்கு என்ன செய்யலாம்?

செம்மண்காட்டுக்காரி, கொட்டாம்பட்டி:

எல்லோருக்கும் வணக்கம். கொட்டாம்பட்டி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் காடு இருக்கிறது. கிணறு உண்டு. கோடையில் கொஞ்ச நேரம் ஓடினாலே தண்ணீர் கீழே போய்விடும், மழைக்காலத்தில் பாதகமில்லை. இத்தனை காலம் அப்பாதான் பார்த்தார். அவருக்கு முட்டி வலி, வரப்பில் ஏறி இறங்க முடியவில்லை. போன மார்கழிப் பட்டத்திலிருந்து காடு என் பொறுப்பு.

அந்தப் பட்டத்தில் முக்கால் ஏக்கரில் கடலை, மீதி முக்கால் ஏக்கரில் கம்பு. கடலையைப் பற்றித்தான் கேள்வி. செடி என்றால் அப்படி ஒரு செடி. முழங்கால் உயரம், கரும்பச்சை. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடுங்கிப் பார்த்தால் காயில் பாதி பொக்கு. ஓட்டை விரலால் அமுக்கினால் பட்டென்று உடைகிறது, உள்ளே ஒன்றுமில்லை. சிலதில் இரண்டு அறைக்கு ஒரே பருப்பு, அதுவும் சுருங்கிப்போய். வியாபாரி ஒரு கைப்பிடி உடைத்து, பருப்பை மட்டும் எடை போட்டுப் பார்த்து விலையைக் குறைத்துவிட்டார். பருப்பு இல்லாத கடலைக்கு அவர்தான் என்ன செய்வார்.

நாங்கள் போட்டது இவ்வளவு: அடியுரமாக டிஏபி ஒரு மூட்டை. 25ஆம் நாள் வாக்கில் யூரியா. பூ நன்றாக எடுத்த பிறகு காம்ப்ளக்ஸும் பொட்டாஷும் கலந்து செடி ஓரமாக வைத்தோம். களை மூன்று முறை எடுத்தோம். கடைசிக் களை 55 நாளுக்கு மேல், களைக்கொத்தால். ஜிப்சம் போடவில்லை. உரக்கடையில் கேட்டதற்கு, டிஏபி போட்டால் அது தேவையில்லை என்று சொன்னார்கள். 70 நாளுக்குப் பிறகு இலையில் புள்ளி விழுந்து அடி இலையெல்லாம் கொட்டியது. ரகம் டிஎம்வி 7 என்று சொல்லித்தான் விதை கொடுத்தார்கள்.

இப்போது வைகாசி. ஆடியில் மறுபடியும் கடலை போட வேண்டும் என்று இருக்கிறேன். அதே துண்டில் போடலாமா? உரத்தைக் கூட்டுவதா குறைப்பதா? விதைப்பிலிருந்து பிடுங்கும்வரை எதை எப்போது செய்வது என்று கடலை போட்டுப் பழகியவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பேரையூர் கரிசல்:

பொக்கு என்றாலே ஜிப்சம்தான் அக்கா. எங்கள் கரிசலில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. எங்களுக்கு வேறு தொல்லை: பிடுங்கும்போது காய் பாதி மண்ணிலேயே நின்றுவிடும். அப்புறம் இளஞ்செடியில் குருத்து இலை வெளிறி மஞ்சளாகும், அது இரும்புச் சத்துக் குறை. செம்மண்ணுக்கு எழுமலை அய்யா சொன்னால் சரியாக இருக்கும். அவர் பார்க்கட்டும்.

எழுமலை மானாவாரி:

தாயி, படித்தேன். நீ எழுதியிருக்கிற எல்லாமே ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. உன் காட்டுக்கு உரம் குறையவில்லை. காய் இருக்கிற இடத்தில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், இல்லை. கூடவே, பூவிலிருந்து காய்க்கான ஊசி மண்ணில் இறங்குகிற நேரத்தில் மண்ணைக் கலைத்திருக்கிறீர்கள்.

கடலைக்குப் பூ மேலே, காய் கீழே. பூ காலையில் விரியும், அன்றைக்கே வாடிவிடும். ஒரு வாரம் கழித்து அந்தக் கணுவைப் பார், ஊதா படிந்த ஊசி ஒன்று தலை குனிந்து மண்ணை நோக்கி வரும். அது மண்ணுக்குள் போய், இருட்டில்தான் பருக்கும். மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நின்ற ஊசி கடைசிவரை ஊசிதான். செடி ரொம்ப உயரமாகிவிட்டால் மேல் கணுவில் எடுக்கிற பூவெல்லாம் வீண். ஒரு சாண் உயரத்துக்கு மேலே இருக்கிற ஊசி கீழே வந்து சேராது. முழங்கால் உயரச் செடியைப் பார்த்து ரோட்டில் போகிறவர்கள் சந்தோஷப்படலாம், கடலைக்காரனுக்கு அது சந்தோஷம் இல்லை.

மண்ணுக்குள் போன காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் ஓட்டின் வழியாகவே சுற்றியிருக்கிற மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வேர் எடுக்கிற கால்சியம் தண்ணீரோடு சேர்ந்து இலைக்குப் போய்விடும், அங்கிருந்து திரும்பிக் கீழே இறங்காது. அதனால்தான் செடி அவ்வளவு பச்சையாக இருந்தும் காய் காலியாக இருந்தது. மேல் மண்ணில், இரண்டு மூன்று விரற்கடை ஆழத்துக்குள், காய் பிடிக்கிற அந்த இடத்தில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும். செம்மண்ணில், அதிலும் மணல் கலந்த செம்மண்ணில், அது தங்காமல் மழைக்கு அரித்துப் போய்விடும். ஜிப்சம் போடச் சொல்வது இதற்குத்தான். அதில் கால்சியமும் இருக்கிறது, எண்ணெய்ச் சத்துக்கு வேண்டிய கந்தகமும் இருக்கிறது.

டிஏபியில் தழைச்சத்து உண்டு, மணிச்சத்து உண்டு, கால்சியம் கிடையாது. அதனால் டிஏபி போட்டால் ஜிப்சம் வேண்டாம் என்பது தப்பான பேச்சு. மணிச்சத்து கொடுப்பதென்றால் கடலைக்கு சூப்பர் பாஸ்பேட் நல்லது, அதில் கால்சியமும் கந்தகமும் சேர்ந்தே வரும். பொட்டாஷ் கடலைக்கு வேண்டியதுதான், ஆனால் அதை அடியுரமாகப் போட்டு உழுதுவிட வேண்டும். பூ எடுத்த பிறகு செடி ஓரத்தில் வைத்தால், காய் பிடிக்கிற மண்ணில் பொட்டாஷ் மிஞ்சிப்போய், இருக்கிற கொஞ்சக் கால்சியத்தையும் காய் எடுக்க விடாது.

யூரியா இந்தத் தடவை வேண்டாம். கடலை தன் தழைச்சத்தைத் தானே சம்பாதிக்கிற பயிர். 30 நாள் செடி ஒன்றைப் பக்கத்து மண்ணோடு தோண்டி எடு. வெடுக்கென்று பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே போய்விடும். வாளித் தண்ணீரில் வேரை அலசு. கடுகுக்குக் கொஞ்சம் பெரிதாக முடிச்சு முடிச்சாக ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி அதைக் குடித்துவிட்டு, முடிச்சு கட்டுவதை விட்டுவிடும். இலை வளரும், காய் குறையும்.

அதே துண்டில் மறுபடி கடலை போடாதே. வேரழுகல், தண்டழுகல் பூஞ்சாணமெல்லாம் மண்ணில் அப்படியே இருக்கும், புள்ளி விழுந்த சருகும் அங்கேதான் கிடக்கும். கம்பு போட்டிருந்தாய் அல்லவா, அந்தத் துண்டில் கடலை போடு. கடலை எடுத்த துண்டில் கம்போ சோளமோ போகட்டும். ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் உங்கள் பக்கம் வந்தால் கம்புத் துண்டில் இரண்டு ராத்திரி கிடை போடச் சொல். கிடை கிடைக்காவிட்டால் மக்கிய தொழுவுரம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: ஆடி வரை காத்திருக்காதே. நம் மதுரைச் சீமையில் பெரிய மழை ஐப்பசியில். ஆடி முதல் தேதி விதைத்தால் 105 நாள் கணக்குக்கு ஐப்பசி நடுவில் வந்து நிற்கும். படராமல் கொத்தாக வளரும் கடலை ரகத்துக்கு விதை உறக்கம் கிடையாது, முற்றிய காய் மண்ணில் ஈரத்தோடு கிடந்தால் செடியிலேயே முளைத்துவிடும். பிடுங்கினாலும் காயப் போட வெயில் இருக்காது. கிணறு இருக்கிறவள் நீ. ஆனியில் ஒரு மழை பெய்து மண் நனைந்ததும் விதைத்துவிடு. இடையில் மழை தவறினால் கிணறு கை கொடுக்கும். புரட்டாசி வெயிலில் காய் காய்ந்துவிடும். முழு மானாவாரிக்காரன் மழை பெய்யும்வரை வானத்தைத்தான் பார்க்க வேண்டும், உனக்கு அந்த நெருக்கடி இல்லை.

விதைக் கணக்கு: ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு. உன் முக்கால் ஏக்கருக்கு 38 கிலோ பருப்பு வேண்டும், காயாக வாங்கினால் 55 கிலோ ஆகும். மெஷினில் உடைத்த பருப்பு விதைக்கு ஆகாது. தோல் கீறிவிடும், கீறின பருப்பு மண்ணில் அழுகிவிடும். வீட்டில் நாலு பெண்கள் உட்கார்ந்து கையால் உடைத்தால் இரண்டு நாள் வேலை. உடைத்த பருப்பை ரொம்ப நாள் வைத்திருக்காதே. அழுகல் நோயைத் தடுக்கிற ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சாணத்தைக் கிலோவுக்கு 4 கிராம் கலந்துவிடு. அப்புறம் வேர் முடிச்சு கட்ட உதவுகிற ரைசோபியம் நுண்ணுயிர்ப் பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கரைத்துப் பருப்பில் பட்டும் படாமலும் புரட்டி நிழலில் உலர்த்து. கசக்கினால் தோல் உரிந்துவிடும், அதனால் கை மெதுவாகப் போகட்டும்.

வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி நாலு விரல். ஆழம் இரண்டு அங்குலத்துக்குள். ஏர்ச்சாலில் போடுகிறவர்கள் கொழுவை அழுத்திப் பிடித்தால் விதை ஆழமாகப் போய், முளைப்பதிலேயே தெம்பெல்லாம் தீர்ந்துவிடும். விதைத்த ஒரு வாரம் காக்கா, அணில், மயில் மூன்றுக்கும் ஆள் காவல் வேண்டும்.

களை 20ஆம் நாள் ஒன்று, 40ஆம் நாள் ஒன்று. இரண்டாவது களையோடு ஜிப்சம் தூவி, செடிக்கு மண் அணைத்துவிடு. லூசான மண் செடியடியில் குவிந்திருந்தால் ஊசி இறங்க வழி கிடைக்கும். அதற்குப் பிறகு காட்டுக்குள் களைக்கொத்தே போகக் கூடாது. 45 நாளுக்கு மேல் களை தெரிந்தால் கையால் பிடுங்கு, முடியாவிட்டால் விட்டுவிடு. நீங்கள் 55 நாளில் கொத்தினபோது எத்தனை ஊசி அறுந்திருக்கும் என்று கணக்குப் போட முடியாது. கொத்து படாமலே மண் அசைந்தால்கூட இறங்கின ஊசி பிய்ந்துவிடும்.

தண்ணீர்: விதைத்து நாலைந்து நாளில் ஒரு உயிர்த்தண்ணீர். அதற்குப் பிறகு பூ எடுக்கும்வரை கொஞ்சம் காயவிடலாம், வேர் கீழே இறங்கும். பூ எடுத்ததிலிருந்து காய் முற்றும்வரை காயவிடவே கூடாது. மேல் மண் இறுகினால் ஊசி நுழையாமல் நுனி கருகிவிடும். ஜிப்சம் கரைந்து காய்க்குப் போகவும் ஈரம் வேண்டும். கிணற்றில் தண்ணீர் குறைவென்றால் முதல் மாதத்தில் மிச்சம் பிடி, 40ஆம் நாளிலிருந்து செலவு செய்.

இலைப்புள்ளி பற்றித் தனியாக எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

செம்மண்காட்டுக்காரி, கொட்டாம்பட்டி:

அய்யா, மிக்க நன்றி. உரக்கடைக்காரர் சொன்னதை வைத்து இவ்வளவு நாள் நாங்கள் யோசித்ததே வேறு பக்கம். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முன்பு கிடை போட்ட வருஷங்களில் காய் நன்றாக இருந்தது என்கிறார்.

ஒரு சந்தேகம். விதைக்கென்று அந்தக் கடலையில் நல்ல காயாகப் பொறுக்கி ஒரு மூட்டை எடுத்து வைத்திருக்கிறோம். இன்று ஒரு பிடி உடைத்துப் பார்த்தேன். பருப்பு வெளியே நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாகப் பிளந்தால் சிலதில் நுனியில் இருக்கும் குருத்து கருத்திருக்கிறது. இதையே விதைக்கலாமா?

ஒத்தக்கடை வேளாண் மாணவன்:

அக்கா, அதை விதைக்க வேண்டாம். குருத்து கருத்திருப்பதும் கால்சியம் குறைவின் அடையாளம்தான். அந்தப் பருப்பு ஒழுங்காக முளைக்காது, முளைத்தாலும் செடி திடமாக இருக்காது. எண்ணெய்க்கோ வீட்டுச் சமையலுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் பாருங்கள். பருப்பைப் பிளந்தால் உள்பக்கம் நடுவில் குழி விழுந்து பழுப்பாக இருக்கிறதா? அப்படி இருந்தால் அது போரான் குறைவு. அதற்கு ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸை ஜிப்சத்தோடு கலந்து 45ஆம் நாள் போடச் சொல்வார்கள். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பிப் போராக்ஸ் போட வேண்டாம், கொஞ்சம் கூடினாலே செடி கருகும். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். காட்டில் பத்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்து மாதிரி குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து அரை கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்திக் கொண்டு வாருங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குழி பக்கம் எடுக்க வேண்டாம். ஒத்தக்கடையில் எங்கள் கல்லூரி வளாகத்திலேயே கொடுக்கலாம்.

விதைக்கு டிஎம்வி 7 பழைய ரகம், திண்டிவனத்தில் வெளியிட்டது, இன்னும் நன்றாகத்தான் வருகிறது. விருத்தாசலத்தின் விஆர்ஐ 8ம் கொத்து ரகம்தான், 105 முதல் 110 நாள். கடலைக் கடையில் எல்லோரும் இப்போது கதிரி 1812 என்று சொல்வார்கள். விளைச்சல் உண்டு, ஆனால் அதற்கு நாள் கூட ஆகும். எழுமலை அய்யா சொன்ன ஐப்பசி மழைக் கணக்கில் அது உங்களுக்கு இடிக்கும். எந்த விதை வாங்கினாலும் 100 பருப்பை எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைப்பு பாருங்கள். சான்று விதைக்கே 70 முளைக்க வேண்டும் என்பதுதான் அளவு. அதற்குக் கீழே போனால் அந்த விதையைத் தொடாதீர்கள்.

எழுமலை மானாவாரி:

தம்பி சொன்னது சரி. குருத்து கருத்த விஷயத்தைப் பருப்பைப் பிளந்து பார்த்ததால் கண்டுபிடித்தாய் தாயி, இதை எல்லோரும் விதைக்கு முன்னால் செய்தால் பாதிக் காடு பொக்கையாக நிற்காது. மார்கழியில் போட்டுப் பங்குனி, சித்திரையில் எடுத்தவர்களிடம் விதைக்காய் கேள். உங்கள் பக்கம் கருங்காலக்குடி, சிங்கம்புணரி வரைக்கும் கடலைக்காரர்கள் இருக்கிறார்கள். புதுக் காயாக இருக்க வேண்டும், போன வருஷத்துக் காய் வேண்டாம்.

இலைப்புள்ளி: 70 நாளில் புள்ளியைப் பார்த்தேன் என்றாய். அது அதற்கும் ரொம்ப முன்னாலேயே வந்திருக்கும், அடி இலையில். 30 நாளிலிருந்து வாரம் ஒரு தடவை குனிந்து அடி இலையைப் புரட்டிப் பார். பழுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம் என்றால் முன்பருவப் புள்ளி. பிற்பாடு வருவது கருகருவென்று, இலைக்கு அடியில் சொரசொரப்பாக இருக்கும். ஆரஞ்சுப் பொடி மாதிரி விரலில் ஒட்டினால் அது துரு. புள்ளி தட்டுப்பட்டதும் மேங்கோசெப் என்ற பூஞ்சாண மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடி இலை நனைய அடி. இரண்டு வாரம் கழித்து நோயைப் பார்த்து இன்னொரு தடவை. பருப்பு நிரம்புகிற நேரத்தில் இலை கொட்டினால் ஜிப்சம் எத்தனை மூட்டை போட்டும் பயனில்லை, பருப்புக்குச் சோறு போடுவது இலைதான். மருந்தடித்த கொடியை உடனே மாட்டுக்குப் போடாதே.

பூவைப் பிடித்து வைக்க வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலக்கடலை ரிச் என்று ஒரு பொடி வருகிறது. ஏக்கருக்கு 2 கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, பூ எடுக்கும்போது ஒன்றும் காய் பிடிக்கும்போது ஒன்றுமாகத் தெளிக்கச் சொல்வார்கள். கையில் காசு இருந்தால் செய். ஜிப்சத்தை விட்டுவிட்டு அதை மட்டும் செய்யாதே.

பேரையூர் கரிசல்:

ஆனி விதைப்பு என்றால் செங்கம்பளிப்புழுவைச் சொல்லாமல் விடக்கூடாது. கோடை மழைக்கும் ஆனி மழைக்கும் பிறகு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்ததெல்லாம் அந்துப்பூச்சியாக எழுந்து, ராத்திரி விளக்கைச் சுற்றும். மழை பெய்த மறுநாளிலிருந்து மூன்று நாலு ராத்திரி காட்டோரத்தில் விளக்குப் பொறி வைக்க வேண்டும், இல்லை சருகைக் கூட்டித் தீ மூட்டினாலும் வந்து விழும். ஒரு காட்டுக்காரர் மட்டும் வைத்தால் போதாது, பக்கத்துக் காட்டு அந்துகளும் அங்கே வரும். எங்கள் ஊரில் தண்டோரா போட்டு எல்லாக் காட்டிலும் ஒரே ராத்திரியில் வைப்போம்.

தப்பினது இலைக்கு அடியில் கும்பலாக முட்டையிடும். பொரித்த குஞ்சுப்புழு ஒரே இலையில் கூட்டமாக இருந்து பச்சையை மட்டும் சுரண்டும், இலை கண்ணாடி மாதிரித் தெரியும். அந்த நேரத்தில் இலையோடு கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் முடிந்தது. விட்டுவிட்டால் ரோமம் முளைத்துப் படையாக அடுத்த காட்டுக்கு நடக்கும், அதற்குப் பிறகு மருந்துக்கும் அடங்காது. ஊடுபயிராகத் தட்டைப்பயறு, வரப்போரம் ஆமணக்கு போடுங்கள். புழு முதலில் அவற்றில்தான் ஏறும், தினம் ஒரு நடை பார்த்து அந்த இலையைக் கிள்ளினால் போதும். இலையைத் தின்கிற இன்னொரு புழுவான புரொடீனியாவுக்கும் ஆமணக்கு நல்ல காவல். இப்போதே ஒரு உழவு போட்டுவிட்டால் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் கொக்கு வாயிலும் போய்விடும்.

சிங்கம்புணரி அக்கா:

நான் கடலை ஆய்ந்தே வளர்ந்தவள், பிடுங்குகிறதைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தங்கச்சி. நாளை எண்ணிப் பிடுங்காதே. 95 நாளிலிருந்து காட்டில் அங்கங்கே நாலைந்து செடியைப் பிடுங்கிக் காயை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பார். பிஞ்சென்றால் உள்ளே வெள்ளையாக, பஞ்சாக இருக்கும். முற்றினது கருத்து நரம்பு தெரியும். நாலில் மூன்று காய் கருத்திருந்தால் பிடுங்கலாம். ஒரு மூலையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதே, மேட்டுப் பக்கம் முந்தி முற்றும், மடைப் பக்கம் பிந்தும்.

மண் காய்ந்திருந்தால் பிடுங்குவதற்கு முந்தின நாள் லேசாகத் தண்ணீர் காட்டு. காய்ந்த மண்ணில் பிடுங்கினால் காய் உள்ளேயே நிற்கும், அப்புறம் தப்புக்கடலை பொறுக்குகிற பிள்ளைகளுக்குத்தான் அறுவடை. பிடுங்கின செடியைக் காய் மேலே தெரிகிற மாதிரி கவிழ்த்துப் போடு. கும்பாரமாக அன்றைக்கே குவித்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். பச்சை மஞ்சளாக ஒரு பூஞ்சை, அது படிந்த பருப்பில் அஃப்ளாடாக்சின் என்கிற விஷம் இருக்கும், மாட்டுக்குப் புண்ணாக்காகப் போனாலும் கெடுதல். கொத்துப் பட்ட காய், புழு துளைத்த காய், உடைந்த காய் இவற்றைத் தனியாகப் பொறுக்கி எடுத்துவிடு, நல்ல மூட்டையில் சேர்க்காதே.

ஆய்ந்த காயை நாலைந்து வெயில் காய வை. காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். விதைக்கு வைக்கிறதை மட்டும் உச்சி வெயிலில் காயப் போடாதே, காலை வெயிலும் சாயங்கால வெயிலும் போதும். விதையைக் காயாகவே சாக்கில் கட்டி, சுவரை ஒட்டாமல் பலகை மேல் வை.

ஈரக் கடலையை அவசரப்பட்டு விற்காதே. வியாபாரி எடையிலும் கழிப்பார், ஈரத்துக்கும் தனியாகக் கழிப்பார். காய்ந்த பிறகு மேலூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அன்றைய விலையை விசாரித்துவிட்டு அப்புறம் வியாபாரியிடம் பேசு. கொடியை வெளியே விற்றுவிடாதே, வைக்கோலைவிட மாடு அதைத்தான் விரும்பித் தின்னும்.

செம்மண்காட்டுக்காரி, கொட்டாம்பட்டி:

எல்லோருக்கும் நன்றி. நாளைக்கே மண் எடுத்து ஒத்தக்கடைக்குக் கொடுத்து அனுப்புகிறேன். கம்புத் துண்டில் இந்த வாரம் உழவு. கருங்காலக்குடியில் சித்தி வீட்டுக்காரர்கள் சித்திரையில் கடலை எடுத்தார்கள், விதைக்காய் கேட்டிருக்கிறேன். பிளந்து பார்த்துத்தான் வாங்குவேன்.

கடைசியாக ஒன்று. ஜிப்சம் முக்கால் ஏக்கருக்கு எத்தனை கிலோ? சிலர் எல்லாவற்றையும் அடியுரமாகவே போடச் சொல்கிறார்கள், சிலர் 45ஆம் நாள் என்கிறார்கள்.

எழுமலை மானாவாரி:

ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது கணக்கு. ஏக்கருக்கு 160 வரும், உனக்கு 120 கிலோ. பாதியைக் கடைசி உழவில் போட்டு மண்ணோடு கலந்துவிடு, மீதி 60 கிலோவை 40க்கும் 45க்கும் நடுவில் இரண்டாவது களையோடு. எல்லாவற்றையும் அடியில் போட்டால் ஊசி இறங்கும் நேரத்துக்குள் செம்மண்ணில் கீழே போய்விடும். அடியில் ஒன்றுமே போடாமல் 45ஆம் நாளை மட்டும் நம்பினால், அன்றைக்கு மண்ணில் ஈரம் இல்லாமல் போகலாம், இல்லை கூலியாள் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாவது தடவை வீச்சாகத் தூவாதே. செடியின் இரண்டு பக்கமும், அடியிலிருந்து ஒரு கை அகலத்துக்குள், ஊசி இறங்குகிற இடத்தில் விழ வேண்டும். தூவினதும் அன்றைக்கே கொத்தி மண் அணைத்துவிடு, மண்ணில் ஈரம் இல்லையென்றால் அதன் மேல் ஒரு தண்ணீர். கட்டி கட்டியாக இருக்கிற ஜிப்சத்தை வாங்கி வந்து உடைத்துக்கொண்டு உட்காராதே, தூளாகப் பார்த்து வாங்கு. கொட்டாம்பட்டி வேளாண் விரிவாக்க மையத்தில் கடலைக்கு மானியத்தில் ஜிப்சம் வந்திருக்கிறதா என்று இப்போதே கேட்டுவை, விதைப்பு நேரத்தில் போனால் தீர்ந்திருக்கும்.